மோன் பிளாங்கைச் சுற்றி 170 கிலோமீட்டர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

யூடிஎம்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'அல்ட்ரா டிரெயில் டு மோன் பிளாங்' மலையோட்டம் பற்றித் தமிழ்நாட்டு ஓட்டக்காரர்கள் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் விதிமுறையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இது என்ன ஓட்டம்? மாரத்தான் மாதிரிதானா?

மாரத்தானின் 42.195 கி.மீ.யைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். யூடிஎம்பி அதில் நூறு மைல் வகை. பிரான்சின் சாமொனி ஊரில் ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங் மலைத்தொகுதியை ஒரு சுற்று சுற்றி, மறுபடி சாமொனிக்கே வந்து சேர வேண்டும். தூரம் ஏறத்தாழ 170 கி.மீ., மொத்த ஏற்றம் ஏறத்தாழ 10,000 மீட்டர். கிளம்பிய இடத்துக்கே திரும்புவதால் இறக்கமும் அதே 10,000 மீட்டர். இந்த இரண்டாவது எண்ணைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கால அவகாசம் 46 மணி 30 நிமிடம்.

போட்டி 2003இல் தொடங்கியது. முதல் ஆண்டு எழுநூறுக்கு மேற்பட்டோர் கிளம்பி, கெட்ட வானிலையில் 67 பேர்தான் முழுச் சுற்றை முடித்தார்கள். முதலில் வந்தவர் நேபாளத்தில் பிறந்த தாவா ஷெர்பா.

மோன் பிளாங் உச்சி வரைக்கும் ஏறணுமா? ஆக்சிஜன் குறையுமா?

இல்லை. உச்சி 4,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஓட்டப் பாதை அதன் தோள்களைச் சுற்றித்தான் போகிறது. கோல் தெ லா செய்ன், கிராண்ட் கோல் ஃபெரே போன்ற உயரமான கணவாய்கள் 2,500 மீட்டரை ஒட்டியவை. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சு கொஞ்சம் வாங்கும். ஆனால் லடாக்கில் வருவது போன்ற உயர நோய் பொதுவாக இங்கே பிரச்சினை இல்லை. காற்று, குளிர், இருட்டு, இறக்கம் இவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

நடந்தா அதுக்குப் பேரு ஓட்டமா? வெக்கமா இருக்காதா?

ஏற்றத்தில் எல்லாரும் நடப்பார்கள். செங்குத்தான இடங்களில் முன்னணி வீரர்களும் கழியூன்றி நடப்பதைப் பார்க்கலாம். சரிவு 15 சதவீதத்தைத் தாண்டினால் நம்மைப் போன்றவர்களுக்கு ஓடுவதும் வேகமாக நடப்பதும் ஏறக்குறைய ஒரே வேகம். ஓடினால் இதயத் துடிப்பு மட்டும் எகிறும்.

கணக்குப் போடுவோம். 170 கி.மீ.யை 46.5 மணியால் வகுத்தால் மணிக்கு 3.7 கி.மீ.கூட வராது. சமதளத்தில் காய்கறி வாங்கப் போகிறவர் இதைவிட வேகமாக நடப்பார். ஆனால் அந்த நேரத்துக்குள் உணவு நிறுத்தங்கள், தூக்கம், காலுறை மாற்றுவது எல்லாம் அடக்கம். ஏற்றத்தில் உங்கள் வேகத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்று பாருங்கள். முதல் இரவில் 550 முதல் 600, இரண்டாம் இரவில் 400 என்று பிடித்தால் அவகாசத்துக்குள் முடிக்கலாம். ஆண்களில் 2023இல் வென்ற ஜிம் வாம்ஸ்லி எடுத்துக்கொண்டது 19 மணி 37 நிமிடம். பெண்கள் சாதனை 2024இல் கேட்டி ஷைட் ஓடிய 22 மணி 9 நிமிடம்.

பணம் கட்டினா நேரா சேர்ந்துடலாமா?

முடியாது. யூடிஎம்பி தொடரைச் சேர்ந்த போட்டிகள் உலகம் முழுக்க நடக்கின்றன. அவற்றை முடித்தால் 'ரன்னிங் ஸ்டோன்' கிடைக்கும்: 20 கி.மீ. வகைக்கு 1, 50க்கு 2, 100க்கு 3, நூறு மைலுக்கு 4. 'மேஜர்' என்று அறிவிக்கப்பட்ட போட்டிகளில் இரட்டிப்பு. குறைந்தது ஒரு ஸ்டோனும், அண்மைக் காலத்தில் ஓடிய நெடுந்தூர ஓட்டத்தால் கிடைத்த, ஓட்டத் திறனைக் காட்டும் யூடிஎம்பி குறியீட்டெண்ணும் இருந்தால் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கலாம். எத்தனை ஸ்டோனோ அத்தனை சீட்டு. நமக்குப் பக்கமானவை தாய்லாந்து, மலேசியாவில் நடப்பவை.

பத்து, பன்னிரண்டு 20 கி.மீ. ஓட்டங்களாக ஓடி ஸ்டோன் சேர்ப்பவர்கள் உண்டு. சீட்டு கூடும், உண்மைதான். ஆனால் காலுக்கு வலு கூடிவிடாது. மலையில் ஒரு 100 கி.மீ.யாவது முடிக்காமல் இந்தக் குலுக்கலில் பெயர் விழுவது அதிர்ஷ்டம் இல்லை.

வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடணும்?

கிலோமீட்டரை விடுங்கள். மணி நேரத்தையும் ஏற்ற மீட்டரையும் எண்ணுங்கள். உச்சக்கட்ட வாரங்களில் 8 முதல் 12 மணி நேரம், 2,000 முதல் 3,000 மீட்டர் ஏற்றம் இருந்தால் வேலைக்குப் போகிறவருக்குப் போதும். மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் பாதியாகக் குறையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை சனியன்று 6 முதல் 8 மணி, ஞாயிறன்று களைத்த காலோடு 3 முதல் 4 மணி என்று அடுத்தடுத்த நாள் நீண்ட பயிற்சி. ஒரே நாளில் 14 மணி நேரம் போய் ஒரு வாரம் படுத்துக் கிடப்பதைவிட இது மேல்.

கடைசி நீண்ட பயிற்சி மூன்று வாரத்துக்கு முன் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஓடும் நீண்ட தூரம் எதுவும் உடலில் சேராது.

நான் இருக்கிறது மதுரையில. ஆல்ப்ஸ் மாதிரி மலைக்கு எங்க போறது?

மாதம் ஒருமுறை மலை, வாரநாளில் படி. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினால் ஒரே மூச்சில் 1,500 மீட்டர் வரை கிடைக்கும். சேலத்திலிருந்து ஏற்காடு ஆயிரத்துக்கு மேல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறத்தாழ அவ்வளவு. தார்ச்சாலை கரடுமுரடைக் கற்றுத்தராது. ஆனால் இடைவிடாத நீண்ட ஏற்றத்தையும் இறக்கத்தையும் தரும், நமக்கு முதலில் வேண்டியது அதுதான். விடியற்காலையில் கிளம்பி, பேருந்துகள் பெருகும் முன் முடித்துவிடுங்கள்.

காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. யானை, காட்டெருமை நடமாடும் இடத்தில் காதில் பாட்டோடு ஓடுவதை வீரம் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

படிக்கட்டுக் கணக்கு: 14 மாடிக் கட்டடம் சுமார் 42 மீட்டர். 24 முறை ஏறினால் ஆயிரம் மீட்டர். முதுகுப்பையில் 3 கிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுறதுதானே கஷ்டம்? இறங்குறதுக்கு என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கு?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கியபடி வேலை செய்கிறது. இறங்கும்போது உடல் எடையைத் தாங்கிப் பிரேக் போட்டபடியே நீள்கிறது. இப்படி நீளும்போதுதான் தசை நார்கள் நுண்ணிய அளவில் கிழிகின்றன. மூச்சு வாங்காததால் வலி தெரியாது. 80ஆவது கி.மீ.யில், இத்தாலியின் குர்மாயோருக்குள் இறங்கும்போது, முழங்கால் மடங்க மறுக்கும். அங்கே விலகுகிறவர்களில் பலர் மூச்சோடு நன்றாக இருப்பார்கள், தொடை மட்டும் முடிந்துபோயிருக்கும்.

நல்ல செய்தி, தசை இதற்கு வேகமாகப் பழகும். ஒருமுறை கடுமையாக இறங்கி வலித்தால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் குறைவாகவே சேதப்படுத்தும். ஆகவே போட்டிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறையாவது 800 முதல் 1,000 மீட்டர் தொடர்ந்து இறங்குங்கள். கடைசிக் கடும் இறக்கம் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு. மலை கிடைக்காத வாரத்தில் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. வீட்டில் 30 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலை நான்கு எண்ணும் வரை மெதுவாகத் தரைக்கு இறக்கும் பயிற்சி, காலுக்கு 12 முறை, மூன்று சுற்று.

இறங்கும் முறை: அடி சின்னதாக, எண்ணிக்கை அதிகமாக. பாதம் உடலுக்கு நேர்கீழே விழ வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் குதிகால் முன்னால் போய்க் குத்தும், அதுவே பிரேக், அதுவே சேதம். பார்வை காலடியில் வேண்டாம், மூன்று நான்கு தப்படி தள்ளி இருக்கட்டும்.

ஆரம்பத்திலேயே மெதுவா போனா பின்னாடி கூட்டத்துல மாட்டிக்க மாட்டோமா?

மாட்டிக்கொள்வீர்கள், கொஞ்ச நேரம். ஆனால் பாதையைப் பாருங்கள். லெ ஊஷ் வரை முதல் 8 கி.மீ. கிட்டத்தட்டச் சமதளம், தெருவெல்லாம் கைதட்டல். எல்லாரும் பறப்பார்கள். அதன் பிறகு ஓர் ஏற்றம், அடுத்து சான் ஜெர்வே ஊருக்கு நீண்ட இறக்கம். 21ஆவது கி.மீ. அருகிலேயே முந்தைய பதிலில் சொன்ன சேதம் தொடங்கிவிடும், அதுவும் கூட்டத்தின் வேகத்தில் இறங்கினால்.

இதற்காக ஊர்வலம் போல நகர வேண்டியதில்லை. வழியில் நேரக்கெடு உள்ள இடங்கள் உண்டு, கெடு என்பது அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டிய நேரம். ஆரம்பக் கெடுக்கள்தான் மெதுவானவர்களுக்கு இறுக்கமாக இருக்கும். ஒவ்வொரு கெடுவுக்கும் ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதுபோல் திட்டமிடுங்கள். பேச முடிகிற அளவு மூச்சு, அதற்குமேல் போகாத வேகம். லெ கொன்டமின் தாண்டிய நீண்ட ஏற்றத்தில் கூட்டம் தானாக நீண்டு பிரிந்துவிடும்.

கட்டாயப் பொருள் பட்டியல்ல பாதி தேவையே இல்லையே? எடை கூடாதா?

கூடும். தண்ணீரோடு 4 கிலோ பக்கம் வரும். ஆனால் தேவையில்லாதது எதுவும் அதில் இல்லை. தொப்பி இணைந்த மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, முழங்கால் மூடும் உடை, கூடுதல் கதகதப்பு உடை, நீர் புகாத கையுறை, தொப்பி, உயிர்காப்புப் போர்வை, விசில், ஒட்டும் கட்டுத்துணி, ஹெட்லேம்ப்பும் மாற்று ஏற்பாடும், 1 லிட்டர் தண்ணீர்க் கொள்ளளவு, சொந்தக் கோப்பை, அவசர உணவு, மூன்று நாட்டிலும் வேலை செய்யும் கைபேசி. வானிலையைப் பொறுத்து வெயில் பொருள்களோ குளிர்ப் பொருள்களோ கூடுதலாகச் சேரும். வழியில் திடீர்ச் சோதனை உண்டு, இல்லாவிட்டால் தண்டனை நேரமோ வெளியேற்றமோ. கைபேசிக்கு ஒரு எச்சரிக்கை: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஐரோப்பிய சிம் எல்லாம் அங்கே எடுக்கும் என்று நம்பாதீர்கள்.

குளிரைப் பார்க்காத ஊரிலிருந்து வருகிறவர்கள் செய்யும் தப்பு, உடம்பு நடுங்கிய பிறகு சட்டையை எடுப்பது. அப்போது விரல் மரத்து ஜிப்பே ஓடாது. கணவாய்க்கு 15 நிமிடம் முன்பே, சூடாக இருக்கும்போதே, மழைச்சட்டையும் கையுறையும் போட்டுவிடுங்கள். மேலே காற்று வீசும், நின்று உடை மாற்ற இடம் இருக்காது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி உறைபனி விடியலில் இந்தப் பொருள்கள் அத்தனையையும் ஒருமுறை போட்டு ஓடிப் பாருங்கள்.

கழி எடுத்துக்கலாமா, இல்ல அது சுமையா?

எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் தொடையின் வேலையில் ஒரு பங்கைத் தோள் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் இரவில் அந்தப் பங்கு பெரியது. விதி: கழியோடு கிளம்பினால் கடைசிவரை அதைச் சுமக்க வேண்டும். நடுவழிப் பையில் (மாற்றுப் பொருள்களோடு குர்மாயோருக்கு முன்கூட்டியே அனுப்பி வைக்கும் பை) போட்டு அனுப்ப முடியாது. கையில் 20 மணி நேரம் பழகாத கழி மணிக்கட்டையும் தோளையும் வலிக்க வைக்கும். கூட்டத்தில் முனை பின்னால் நீட்டாதபடி பிடியுங்கள்.

ஷூ எந்த சைஸ்? கால் கொப்புளத்துக்கு என்ன செய்றது?

பாதம் வீங்கும். நீண்ட விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். அடிப்பகுதியில் 4, 5 மி.மீ. ஆழப் பிடிப்புக் கட்டைகள் இருக்கட்டும். நகங்களைப் போட்டிக்கு மூன்று நாள் முன்பு ஒட்ட வெட்டி அரத்தால் தேயுங்கள். இறக்கத்தில் நகம் கறுப்பதற்குப் பாதி காரணம் நீண்ட நகம், மீதி தளர்ந்த கயிறு. இறங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்குங்கள்.

கொப்புளத்துக்கு மூலம் ஈரமும் உராய்வும். கிளம்பும் முன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவுங்கள். சுடுகிறது என்று தோன்றிய நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். 'அடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஐந்து கி.மீ.யில்தான் சூடு கொப்புளமாகும். குர்மாயோரில் உங்கள் நடுவழிப் பை இருக்கும். பாதத்தைத் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, காலுறை மாற்றுங்கள்.

நான் சைவம். அங்க சாப்பிட என்ன கிடைக்கும்? நம்ம ஊர்ப் பலகாரம் கொண்டு போகலாமா?

நிறுத்தங்களில் ரொட்டி, சீஸ், வாழைப்பழம், ஆரஞ்சு, பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ் போட்ட சூப், கோலா, தேநீர் இருக்கும். உலர் இறைச்சியும் பக்கத்திலேயே இருக்கும். சூப்பின் அடிச்சாறு எதில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள்.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. வயிறு பழகியவர்கள் 80, 90 வரை போகிறார்கள். 200 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான சோற்றில் இந்த 60 கிராம் இருக்கிறது, அதை ஏற்றத்தில் மெல்ல முடியுமா என்று பாருங்கள். அதனால் ஜெல் (பிழிந்து விழுங்கும் சர்க்கரைக் கூழ்), பொடி கலந்த பானம், பேரீச்சை, வெல்லம் என்று கலந்து வையுங்கள். குளுக்கோசும் ஃப்ரக்டோசும் குடலில் வெவ்வேறு வழியில் உறிஞ்சப்படுவதால் இரண்டும் கலந்தால்தான் 60க்கு மேல் செல்லும். கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் கொழுப்பு அதிகம், மெதுவாகத்தான் செரிக்கும். மெதுவான இரவு ஏற்றத்துக்கு அது சரி. இரண்டாம் நாள் இனிப்பே குமட்டும், அப்போது உப்பும் புளிப்பும்தான் இறங்கும். சின்ன பொட்டலத்தில் ஊறுகாய் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள்.

பால்கோவா, நெய் மைசூர்பாகு வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு.

வாந்தி வந்துட்டா கதை முடிஞ்சுதா?

முடியவில்லை. கடுமையாக ஏறும்போது ரத்தம் குடலைவிட்டுக் காலுக்குப் போகிறது. வயிற்றில் சர்க்கரை தேங்கிக் குமட்டுகிறது. முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. 20 நிமிடம் எதுவும் சாப்பிடாமல் மெதுவாக நடந்து, வாய் கொப்பளித்து, வெறும் தண்ணீரை மிடறு மிடறாகக் குடியுங்கள். பிறகு சூப், பிறகு ரொட்டித் துண்டு, கடைசியில்தான் ஜெல். வாந்தியெடுத்ததும் 'போனதை ஈடுகட்ட' ஒரேயடியாகக் குடித்தால் அதுவும் வெளியே வரும்.

தண்ணி நிறையக் குடிச்சா நல்லதுதானே?

இல்லை. தாகத்துக்குக் குடியுங்கள், பெரும்பாலும் மணிக்கு 400 முதல் 700 மி.லி. அதற்குமேல் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். மோதிரம் இறுகுவது, விரல் வீங்குவது, தலைவலி, குழப்பம் அதன் அடையாளங்கள். வலிப்பு வரை போகும். உப்பு மாத்திரை போட்டபடி அளவில்லாமல் குடித்தாலும் இந்த ஆபத்து போகாது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஓட்டத்தின்போது தொடவே வேண்டாம். நீரிழந்த உடலில், கிழிந்த தசையின் கழிவை வடிகட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தை அவை குறைக்கின்றன.

ரெண்டு ராத்திரி தூங்காம எப்படி? உருவமெல்லாம் தெரியுமாமே?

தெரியும். கல் நாயாகும், மரம் ஆளாகும். பயப்பட வேண்டாம், ஆனால் தடுமாறி நடக்க ஆரம்பித்தால் அது தூங்கச் சொல்லும் அறிகுறி. 15, 20 நிமிடத் தூக்கம் வியக்கத்தக்க அளவு உதவும். முதல் இரவில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. இரண்டாம் இரவில் ஷாம்பே லாக் போன்ற பெரிய நிறுத்தம் தோதான இடம். அலாரம் வைத்து, மேல்சட்டை போட்டு, படுப்பதற்குச் சற்றுமுன் காபி குடியுங்கள். எழும்போது அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். முதல் நாள் பகலிலேயே காஃபின் ஜெல்லாகத் தள்ளினால் வேண்டிய நேரத்தில் அது உதவாது.

நிறுத்தங்களில் நேரம் கரைவதையும் பாருங்கள். 15 இடத்தில் 15 நிமிடம் என்றால் 3 மணி 45 நிமிடம். நாற்காலியில் உட்காரும் முன்பே என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் கூடவே ஓடி வரலாமா?

கூட ஓடித் துணைவர அனுமதி இல்லை. லெ கொன்டமின், குர்மாயோர், ஷாம்பே லாக், த்ரியன், வலோர்சின் போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஒருவர் உள்ளே வந்து உணவு, உடை தரலாம். ஷெங்கன் விசா ஒன்றே மூன்று நாட்டுக்கும் போதும். அவரும் இரண்டு இரவு தூங்கமாட்டார் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மழை, பனி வந்தா போட்டியை நிறுத்திடுவாங்களா?

நிறுத்தியிருக்கிறார்கள். 2010இல் புயல் மழையால் நடுவில் நின்றது. 2012இல் பாதையைச் சுமார் 100 கி.மீ.யாகச் சுருக்கினார்கள். பல ஆண்டுகளில் ஏதோ ஒரு பகுதி மாற்றுப் பாதையில் போயிருக்கிறது. கைபேசியை அணைத்து வைக்காதீர்கள், அறிவிப்பு குறுஞ்செய்தியாக வரும்.

எப்போ விட்டுடணும்? கால் வலிச்சா விடலாமா?

ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முடிப்பதில்லை. வலி, தூக்கம், குமட்டல், அழுகை எல்லாம் கடந்துபோகும். சூடான சூப்பும் 20 நிமிடமும் கொடுத்துவிட்டு முடிவெடுங்கள். இருட்டில், குளிரில், ஏற்றத்தின் அடியில் நின்று முடிவெடுக்காதீர்கள். குர்மாயோரில் பேருந்து பக்கத்திலேயே நிற்கும், அந்தச் சபலம் பெரிது.

இவற்றுக்கு மட்டும் உடனே விட வேண்டும்: நடை மாறிப்போகும் அளவு எலும்பிலோ மூட்டிலோ ஒரே புள்ளியில் கூர்மையான வலி, கோலா நிறச் சிறுநீர், நிற்காத நடுக்கம், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல். நகர முடிந்தால் நிறுத்தம் வரை போய், எண் அட்டையை அங்கே ரத்து செய்யுங்கள். சொல்லாமல் பாதையிலிருந்து இறங்கிவிட்டால் உங்களைத் தேடி ஆள் கிளம்புவார்கள். மலை மீட்புக்கு இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் கட்டணம் வரலாம், ஹெலிகாப்டர் என்றால் பெருந்தொகை. பயணக் காப்பீட்டில் மலையோட்டமும் மீட்பும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிச்சதும் எத்தனை நாள்ல ஊருக்குத் திரும்பலாம், ஓடலாம்?

மறுநாள் காலை விமானம் வேண்டாம். வீங்கிய காலோடு பத்து மணி நேரம் மடங்கி உட்கார்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். இரண்டு, மூன்று நாள் சாமொனியிலேயே மெதுவாக நடங்கள், விமானத்தில் அழுத்தக் காலுறை போட்டு மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். சிறுநீர் மறுநாளும் கறுத்தே இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டு வாரம் ஓட்டம் இல்லை, நடையும் நீச்சலும் மட்டும். தசைவலி ஒரு வாரத்தில் போய்விடும். தூக்கமும் ஓய்வு நேர இதயத் துடிப்பும் பழையபடி ஆக அதைவிட நாளாகும். அதுவரை கடும் பயிற்சி கூடாது. தொடை வலியால் மாடிப்படியில் பின்னோக்கி இறங்க வேண்டியிருப்பது முதல் மூன்று நாளைக்கு மட்டும்தான்.